அறைக்குள் கேட்டது: பிரிட்டனில் உதவித்தொகை மோசடிச் சந்தேகமும் தொழில் இரகசியமும்

லண்டனில் கடை வைத்திருக்கும் ஒருவர் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசுக்குக் காட்டும் வருமானத்தைவிட அவருடைய கல்லாவில் விழுவது அதிகம். இது இரண்டு பேருக்குத் தெரியவருகிறது. ஒருவர் அவருடைய ஆண்டுக் கணக்கை எழுதும் கணக்காளர். மற்றவர் அவர் போகும் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை செய்பவர். சர்க்கரை நோய்க்குப் பார்க்க வந்த இடத்தில் அவர் தன் வியாபாரத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவர். கணக்காளர் தன் சந்தேகத்தைத் தெரிவிக்காமல் விட்டால் 5 ஆண்டுகள் வரை சிறைக்குப் போக நேரலாம். வரவேற்பாளர் தெரிவித்தால் வேலை போகலாம். தகவல் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். கேட்டவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்தே சட்டம் எதிரெதிராகப் பேசுகிறது.

பணியிடத்தில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கடமையும், பொதுப்பணத்தை ஒருவர் ஏமாற்றி வாங்குகிறார் என்ற சந்தேகமும் மோதுகிற இடம் இது. தாதி, வீட்டுவசதி அதிகாரி, வங்கி ஊழியர், வழக்கறிஞர், கடன் ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர் என்று பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் எங்கே கட்டாயப்படுத்துகிறது, எங்கே அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆனால் சட்டத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று: பணியிடத்தில் எழும் சந்தேகம் பெரும்பாலும் எவ்வளவு அரைகுறையானது என்பது.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். குற்றம் ஒன்றைப் பற்றித் தெரிந்தால் போய்ச் சொல்லியாக வேண்டும் என்ற பொதுவான கடமை இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை. பெருங்குற்றத்தை மறைத்தல் என்று பழைய பொதுச் சட்டத்தில் இருந்த குற்றம் 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தோடு மறைந்தது. பயங்கரவாதம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் போன்ற சில துறைகளில் மட்டும் தனிச் சட்டங்கள் அந்தக் கடமையை விதிக்கின்றன. அதேபோல், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாயைக் கட்டிவிடுகிறது என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ தேவையானால் தகவலைத் தர 2018ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான், கட்டளையிடவில்லை. அதுவும் அந்தத் தகவலுக்குப் பொறுப்பான நிறுவனம் எடைபோட்டு எடுக்க வேண்டிய முடிவு. ஊழியர் ஒருவர் தன் சந்தேகத்தைச் சரிபார்க்கவென்று நிறுவனத்தின் அனுமதியின்றி ஒருவரின் கோப்பைத் திறந்து பார்த்தால், அதே சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி குற்றம் அவர் தலையில் விழக்கூடும். குற்றத்தைக் கண்டறிய அது அவசியமாக இருந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வங்கிகள் காக்கும் தொழில் இரகசியத்தின் வேர் எங்கே என்று தேடினால், 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கில் போய் நிற்கும். டூர்னியர் என்பவர் வங்கிக்கு 9 பவுண்டு சொச்சம் கடன்பட்டிருந்தார். தவணை கட்டுவதாக ஒப்புக்கொண்டவர் நிறுத்திவிட்டார். அவருக்கு வந்த ஒரு காசோலை பந்தயத் தரகர் ஒருவரின் கணக்குக்குப் போனதை வங்கிக் கிளை மேலாளர் கண்டுபிடித்தார். டூர்னியரின் முகவரி கேட்டு அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேச்சுவாக்கில் கடனைச் சொன்னார். ஆள் பந்தயத்தில் நிறையப் பணம் விடுகிறார் போலிருக்கிறது என்பதையும் சொன்னார். டூர்னியரின் வேலை நீட்டிக்கப்படவில்லை. வங்கி தன் வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பது ஒப்பந்தத்திலேயே அடங்கிய கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு விலக்குகளை வகுத்தது: சட்டம் கட்டாயப்படுத்தும்போது, பொதுமக்களுக்கான கடமை எழும்போது, வங்கியின் சொந்த நலன் கோரும்போது, வாடிக்கையாளர் சம்மதிக்கும்போது. நூறு ஆண்டுகளாக இந்த விவாதம் முழுவதும் அந்த நான்கு வாசல்களைச் சுற்றியே நடக்கிறது. எனக்கு இந்த வழக்கில் மனத்தில் தைப்பது வேறு. மேலாளர் பொய் எதுவும் சொல்லவில்லை, தன் ஊகத்தைத்தான் சொன்னார். ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க அந்த ஊகம் போதுமாக இருந்தது.

இந்த வாசல்களில் முதலாவது, 2002ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டத்தால் மிக அகலமாகத் திறக்கப்பட்டது. வங்கிகள், கணக்காளர்கள், சில வகை வழக்கறிஞர் பணிகள், சொத்து முகவர்கள் எல்லாம் அதில் ஒழுங்குமுறைக்குட்பட்ட துறை. அங்கே வேலை செய்பவருக்குத் தொழில்வழியாகச் சந்தேகம் வந்தால், நிறுவனத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அவர் தேவைப்பட்டால் தேசியக் குற்ற முகமைக்கு அறிக்கை அனுப்புவார். குற்றத்தால் வந்த பணம் என்பதற்கு இந்தச் சட்டம் கீழ் வரம்பு வைக்கவில்லை. ஏமாற்றி வாங்கிய உதவித்தொகை சில நூறு பவுண்டுகளாக இருந்தாலும் அது குற்ற வருவாய்தான். அறிக்கை போனது என்று வாடிக்கையாளரை எச்சரித்தால் அது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. கோடிக்கணக்கில் குற்றப் பணத்தை வெள்ளையாக்கும் கும்பலுக்காக நெய்த வலை, வாரத்துக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகத் துப்புரவு வேலை செய்த பெண்ணையும் பிடிக்கும் அளவுக்குச் சின்னக் கண்ணிகளோடு இருக்கிறது.

வழக்கறிஞர்களிடம் இது பெரிய குழப்பமானது. விவாகரத்து வழக்குகளில் கணவன் மனைவியின் பணவிவரம் முழுவதும் மேசைக்கு வரும். வரி ஏய்ப்பும் வரும், உதவித்தொகை முறைகேடும் வரும். 2003இல் பி எதிர் பி என்ற குடும்பநல வழக்கில், தொகை சிறிதென்பதால் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் அலுவலகங்கள் அஞ்சி, அறிக்கைகளைக் குவித்தன. தன் கட்சிக்காரரைப் பற்றித் தானே அரசுக்கு எழுதிவிட்டு, அடுத்த நாள் அவரோடு உட்கார்ந்து வழக்குப் பேச வேண்டிய நிலை. 2005இல் போமன் எதிர் ஃபெல்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருத்தியது: வழக்கை வழக்கமான முறையில் நடத்துவது, குற்றப் பணத்துக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதாகாது, வழக்கறிஞரின் இரகசியம் அசைக்கப்படவில்லை. பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட இடம் இது. தன் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்ல முடியாதவருக்கு நீதிமன்றமும் இல்லை என்றுதான் அர்த்தம்.

மருத்துவத் துறை இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. தேசிய சுகாதாரச் சேவையின் 2003ஆம் ஆண்டு இரகசியக் காப்பு நெறிமுறை, இரகசியத்தை மீறத் தகுந்த கடுங்குற்றங்களாகக் கொலை, பாலியல் வன்முறை, ஆட்கடத்தல், குழந்தை வதை போன்றவற்றைச் சொல்கிறது. இழப்பு அவ்வளவு பெரிதல்லாத திருட்டும் மோசடியும் பொதுவாக அதற்குப் போதாது என்றும் சொல்கிறது. 1990ஆம் ஆண்டின் எக்டெல் வழக்கில், பலரைக் கொன்ற ஒருவர் இன்னும் ஆபத்தானவர் என்று கருதிய மனநல மருத்துவர் தன் அறிக்கையை மருத்துவமனைக்கு அனுப்பியதை நீதிமன்றம் சரி என்றது. அங்கே தராசின் மறுதட்டில் இருந்தது மனித உயிர். உதவித்தொகைக் கணக்கை அந்தத் தட்டில் வைக்க முடியாது. மருத்துவர் செய்ய வேண்டியது தன் கையெழுத்தை உண்மையாக வைத்துக்கொள்வது. நோயில்லாதவருக்கு நோய்ச் சான்று கொடுக்கக்கூடாது. உதவித்தொகைத் துறை முறைப்படி கேட்கும் படிவத்தில் பொய் எழுதக்கூடாது. அதற்கும் தானே முன்வந்து தொலைபேசியை எடுப்பதற்கும் வெகுதூரம்.

இந்தக் கோட்டை அழித்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் ஒருமுறை பார்த்தது. குடிவரவு நடவடிக்கைக்காக நோயாளிகளின் முகவரி போன்ற விவரங்களை உள்துறை அமைச்சகத்துக்குத் தரும் ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் மருத்துவரிடம் போகவே அஞ்சுகிறார்கள் என்று மருத்துவர்களும் நாடாளுமன்ற சுகாதாரக் குழுவும் எழுப்பிய எதிர்ப்பில் 2018இல் அது கைவிடப்பட்டது. அங்கே பேசப்பட்டது குடிவரவு பற்றி, உதவித்தொகை பற்றி அல்ல. ஆனாலும் அச்சம் வேலை செய்யும் விதம் ஒன்றேதான். விலகிப் போகிறவர்களில் குற்றம் செய்யாதவர்களும் இருப்பார்கள். ஏனென்றால் தன்மேல் சந்தேகம் வருமா என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இனி, ஊழியர்கள் அடிக்கடி நம்பி ஏமாறும் இடத்துக்கு வருவோம். முறைகேட்டை வெளிப்படுத்துகிறவர்களைக் காக்க 1998ஆம் ஆண்டுப் பொதுநல வெளிப்படுத்தல் சட்டம் இருக்கிறதே, அது என்னைக் காக்காதா என்று கேட்பார்கள். குற்றம் செய்தவர் யாராக இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தவில்லை. வாடிக்கையாளரின் குற்றத்தைச் சொன்னாலும் அது கணக்கில் வரலாம். தன் நிறுவனத்துக்குள் மேலாளரிடம் சொல்பவருக்குப் பாதுகாப்பு எளிதாகக் கிடைக்கும். வெளியே கொண்டு போகும்போது சோதனைகள் கூடிக்கொண்டே போகும். 43ஜி பிரிவின் கீழ், அப்படிச் சொன்னது நியாயமா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, நிறுவனம் வேறொருவருக்குக் கடன்பட்டிருக்கும் இரகசியக் கடமையை அது மீறியதா என்பது. சட்டத்தை எழுதியவர்கள் இந்த மோதலை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஊழியர் தன் முதலாளியின் இரகசியத்தை உடைப்பது ஒன்று. முதலாளியை நம்பி வந்த மூன்றாமவரின் இரகசியத்தை உடைப்பது வேறொன்று.

அந்த முதல் வகைக்குப் பழைய ஆதாரம் உண்டு. 1856இல் கார்ட்சைட் எதிர் அவுட்ரம் வழக்கில், கம்பளித் தரகு நிறுவனம் ஒன்று தன் வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாக அதன் எழுத்தர் சொன்னார். அநியாயத்தை மறைக்க இரகசியம் கவசமாகாது என்றது நீதிமன்றம். இன்றைக்கு அதை எங்கே பொருத்தலாம்? பாதிச் சம்பளத்தைச் சீட்டில் காட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுத்து, 'மிச்சத்துக்கு பெனிபிட் எடுத்துக்கொள்' என்று சொல்லும் கடை முதலாளியிடம் பொருத்தலாம். குறைந்தபட்சக் கூலியையும் கொடுக்காமல் அந்தப் பற்றாக்குறையை அரசின் தலையில் கட்டுகிறார் அவர். வேலை செய்கிறவர் சட்டப்படி குற்றவாளியாகலாம். உண்மையில் சுரண்டப்படுகிறவரும் அவரே. அந்தக் கடையின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் ஊழியர் வரித்துறையிடம் போனால், அவர் யாருடைய நம்பிக்கையையும் கெடுக்கவில்லை.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். உதவித்தொகை மோசடி பற்றித் துப்புக் கொடுக்க 1996இல் பிரிட்டிஷ் அரசு தொலைபேசி எண் ஒன்றைத் திறந்தது. பெயர் சொல்லாமலே பேசலாம். 2010க்கும் 2015க்கும் இடையே பொதுமக்கள் தந்த துப்புகளில் முடித்துவைக்கப்பட்டவை 10 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் மோசடிக்கு ஆதாரமே இல்லை, அல்லது போதிய ஆதாரம் இல்லை என்பதை, தகவல் பெறும் சட்டத்தின் வழியே கிடைத்த விவரங்களை வைத்து 2016இல் அப்சர்வர் இதழ் வெளியிட்டது. இத்தனை பேரும் பழிவாங்க அழைத்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. விதிகள் அப்படி. வெளியிலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியாத விதிகள்.

ஊனமுற்றோருக்கான பிஐபி உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. முழுநேர வேலை செய்கிறவரும் வாங்கலாம், வங்கியில் லட்சம் பவுண்டு வைத்திருப்பவரும் வாங்கலாம். நடமாட்டத்துக்கான உயர்ந்த தொகைக்கு அளவுகோல் 20 மீட்டர். 'நடக்க முடியும்' என்று எழுத வேண்டுமானால் அந்தத் தூரத்தைப் பாதுகாப்பாகவும், தேவையான தடவை திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் நடக்க முடிய வேண்டும். பெரும்பான்மை நாட்களில் நிலைமை எப்படி என்பதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை பல்பொருள் அங்காடிக்கு நடந்து போன ஒருவர் புதனும் வியாழனும் படுக்கையை விட்டு எழாமல் கிடந்திருக்கலாம். அவரைச் செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்த சக ஊழியருக்கு அது மோசடி. உதவித்தொகைத் துறையின் சொந்தக் கணக்குப்படியே 2023-24இல் பிஐபியில் கூடுதலாகப் போன தொகை வெறும் 0.4 விழுக்காடு.

யுனிவர்சல் கிரெடிட்டும் வேலையில்லாதவர்களுக்கு மட்டுமானது அல்ல. வேலை செய்யச் செய்ய ஒரு பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் குறையும். 'வேலைக்கும் போகிறார், பெனிபிட்டும் வாங்குகிறார்' என்று காதில் விழும் குற்றச்சாட்டில் பெரும்பகுதி, சட்டம் திட்டமிட்டே அமைத்த ஒன்றைக் குற்றம் என்று நினைப்பதால் வருகிறது. தனியாக வாழ்வதாகச் சொல்லிவிட்டுத் துணைவருடன் இருக்கிறார் என்ற சந்தேகம் இதைவிடச் சிக்கலானது. ஒரே கூரையின் கீழ் இருப்பது மட்டும் போதாது. ஒரே குடும்பமாக வாழ்கிறார்களா, பணத்தைப் பங்கிடுகிறார்களா, உறவு நிலையானதா, பிள்ளைகள் உண்டா, ஊருக்குத் தம்பதியாகத் தெரிகிறார்களா என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தனியாக வாழ்வதாகச் சொன்ன பெண்ணின் குளியலறையில் ஓர் ஆணின் சவரக் கத்தியைப் பார்த்த வீட்டுவசதி அதிகாரிக்கு இதில் எத்தனைக்கு விடை தெரியும்? அந்த ஆண் அவள் விலகி வந்த முன்னாள் கணவனாக, கதவை அடைத்தால் உடைத்துக்கொண்டு வருகிறவனாக இருந்தால்? அந்தப் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பு, விசாரணை அல்ல.

பராமரிப்பாளர் உதவித்தொகை விஷயத்தில் நடந்தது இன்னும் வருத்தம் தருவது. வாரம் 35 மணி நேரமாவது ஊனமுற்ற பிள்ளையையோ முதிய பெற்றோரையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு இது. 2024-25இல் அவர்கள் வெளியே சம்பாதிக்கக்கூடியது வாரம் 151 பவுண்டு. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத் தொகை முழுவதும் போய்விடும். சம்பள விவரம் துறைக்குத் தானாகவே வந்துகொண்டிருந்தும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் எச்சரிக்காமல் விட்டு, ஆயிரக்கணக்கான பவுண்டுகளை ஒரே அடியாகத் திருப்பிக் கேட்டார்கள். சிலர்மேல் வழக்கும் போட்டார்கள். லிஸ் சேஸ் தலைமையிலான சுயாதீன மீளாய்வு 2025இல் வெளியானது. மாறிமாறி வரும் சம்பளத்தைச் சராசரியாக்கும் முறையில் துறையே தவறான வழிகாட்டலைப் பயன்படுத்தியதும், பல ஆயிரம் பேரின் கடனை மறுபடி கணக்கிட வேண்டியிருப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. துறைக்கே சரியாகத் தெரியாத விதியை வைத்து, பக்கத்து மேசைக்காரர் தன் சக ஊழியரை மோசடிக்காரர் என்று எப்படித் தீர்மானிப்பார்? விசாரணை நடக்கும்போது உதவித்தொகை நிறுத்தப்படலாம். பெயர் சொல்லாமல் பேசியவருக்கு ஊகம் பிழைத்தால் இழப்பு ஏதுமில்லை. வாடகை கட்ட முடியாமல் நிற்பவர் இன்னொருவர்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். மோசடி கற்பனையல்ல. 2024-25இல் துறை கூடுதலாகக் கொடுத்துவிட்ட தொகை ஏறத்தாழ 950 கோடி பவுண்டு என்றும், அதில் 650 கோடி மோசடியால் என்றும் அதன் மதிப்பீடு சொல்கிறது; மொத்தச் செலவில் அது 2.2 விழுக்காடு. வட லண்டனின் வுட் கிரீன் பகுதியில் கடைகளை முகப்பாக வைத்து இயங்கிய ஐந்து பேர் கும்பல் ஒன்று, 2016 முதல் 2021 வரை போலி விண்ணப்பங்களால் 5 கோடி பவுண்டுக்கும் மேல் சுருட்டியது. 2024இல் தண்டனை பெற்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள், முதலாளிகள், மருத்துவர்கள் எழுதியதுபோல் போலிக் கடிதங்கள் தயாரித்திருந்தார்கள். தன் மருத்துவமனையின் பெயரில் போலிக் கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அங்கே காக்க வேண்டிய நோயாளியே இல்லை. ஒரே முகவரியில் இருபது விண்ணப்பங்கள், ஒரே கணக்குக்குப் பல பெயர்களில் வரும் பணம் என்பவையும் அப்படித்தான்.

இன்னொரு வகையில் நான் சிறிதும் தயங்கமாட்டேன். மறதி நோயுள்ள முதியவருக்காக அவருடைய உதவித்தொகையை மகனோ உறவினரோ பெற்றுக்கொள்வதை சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுக்கு வந்து போகும் பராமரிப்பு ஊழியர், அந்த வீட்டில் சூடேற்றி அணைந்துகிடப்பதையும், அலமாரி காலியாக இருப்பதையும், பணம் வாங்கும் உறவினர் புதிய காரில் வந்து போவதையும் பார்க்கிறார். இங்கே இரகசியம் யாருக்கானது? அந்த முதியவருக்கானது. அவரைக் காக்கப் பேசுவது அந்தக் கடமையை நிறைவேற்றுவதே. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் பணரீதியான வதையையும் வதை என்றே கணக்கில் எடுக்கிறது. உள்ளூராட்சியின் பாதுகாப்புப் பிரிவிடம் சொல்ல வழி இருக்கிறது. ஆக, நான் கேட்கும் முதல் கேள்வி தொகை எவ்வளவு என்பதல்ல. நம்பி ஒப்படைத்தவர் யார், ஏமாற்றப்படுகிறவர் யார் என்பதுதான். இரண்டும் ஒருவரே என்றால் பேச வேண்டும்.

தமிழர்களுக்கு இது தூரத்துப் பேச்சல்ல. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு மருத்துவமனையிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் மொழிபெயர்க்க வருகிறவர் அதே கோயிலுக்குப் போகிறவராக, அதே ஊர்ச் சங்கத்தில் இருப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமாக ஊழியருக்குத் தெரிவது அலுவலகத்தில் கேட்டது மட்டும். இவருக்கோ அந்த அம்மாவின் வீட்டில் போன சனிக்கிழமை நடந்த பிறந்தநாள் விழாவும் தெரியும். மருத்துவரிடம் அவர், 'தனியத்தான் இருக்கிறன், பார்க்க ஒருத்தரும் இல்லை' என்கிறார். விழாவில் வீடு நிறைய ஆட்கள் நின்றது மொழிபெயர்ப்பாளருக்கு நினைவு வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட மனம் துடிக்கும். ஆனால் போரில் கணவரை இழந்து, இரவில் தூக்கமில்லாமல், பகலில் கதவைத் திறக்க அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவர் வருடத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைக்காகச் சேலை கட்டிச் சிரித்தது எதற்கு ஆதாரம்? மொழிபெயர்ப்பாளர் தொழில் நெறிகளில் இரகசியக் காப்பு அடிப்படையான ஒன்று. அறைக்குள் கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. அதோடு, வெளியே கண்டதை அறைக்குள் கொண்டுவந்து சொற்களின் நிறத்தை மாற்றவும்கூடாது. அறிமுகம் நெருக்கமாக இருந்தால் அந்தப் பணியை ஏற்காமல் விலகுவது நேர்மை. ஒருவர் பேசினால்கூடப் போதும்; ஊர் முழுக்கப் பரவும். பிறகு சித்திரவதையைச் சொல்ல வேண்டிய அறையிலும் நம்மவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தன் உடலில் உள்ள தழும்புக்குக் காரணம் சொல்ல முடியாமல் போகிறவரின் இழப்பை எந்த உதவித்தொகைக் கணக்கும் ஈடுசெய்யாது.

இந்திய வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். நம் நாட்டில் பயனாளிகள் பட்டியலை ஊரறிய வைக்கச் சொல்லித்தானே போராடினோம்? உண்மை. ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய பொது விசாரணைகளில் வருகைப் பதிவேடுகள் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. செத்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சி. ஆனால் அந்த வெளிச்சம் பாய்ச்சப்பட்டது பணத்தைக் கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள்மீது. வாங்குகிறவரின் நோயையும் படுக்கையறையையும் ஊர் முன் வைக்க யாரும் கேட்கவில்லை.

கொடுக்கும் இடத்தின் இரகசியம் எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. குழந்தைப் பராமரிப்பு உதவியில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோரை அந்நாட்டு வரித்துறை பிழையாகக் குற்றம்சாட்டி, முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். துறையின் சட்ட ஆலோசகர் சாண்ட்ரா பால்மென் 2017 மார்ச்சிலேயே, துறை தவறு செய்திருக்கிறது, பெற்றோருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பு வெளியே வர 2020 ஆயிற்று. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் வீடிழந்தவர்கள், மணமுறிந்தவர்கள், பிள்ளைகளைப் பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். பணியிட இரகசியம் அங்கே எளியவரைக் காக்கவில்லை, அலுவலகத்தைக் காத்தது. உடைக்கப்பட வேண்டிய இரகசியம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

பிரிட்டிஷ் அரசின் கையில் இன்று கண்கள் குறைவாக இல்லை. சம்பள விவரம் 2013 முதல் மாதாமாதமோ வாராவாரமோ வரித்துறைக்குப் போய் அங்கிருந்து உதவித்தொகைத் துறைக்கு வருகிறது. உள்ளூராட்சிகளின் தரவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தேசியத் திட்டம் 1996 முதல் நடக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் உள்ளிட்ட மூன்று உதவித்தொகைகள் போய்ச்சேரும் கணக்குகளில் தகுதிக்கு முரணான அறிகுறி தெரிந்தால் வங்கிகள் தகவல் தர வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வழி செய்திருக்கிறது. இந்த அதிகாரங்களை நான் முழுமனதோடு வரவேற்கவில்லை. ஆனாலும் இவை நாடாளுமன்றத்தில் விவாதித்து, முன்கூட்டி அறிவித்து எடுத்த அதிகாரங்கள். கேள்வி கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் இடமுண்டு. தாதியின் ஊகத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

பேசாமல் இருப்பதற்கும் தொலைபேசியை எடுப்பதற்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. கடன் ஆலோசனை நிலையங்களில் நல்ல ஆலோசகர்கள் செய்வது அதுதான்: சம்பந்தப்பட்டவரிடமே பேசுவது. 'நீங்கள் சொன்னதைப் பார்த்தால் உங்கள் நிலைமை மாறியிருக்கிறது. துறைக்கு நீங்களே சொல்லிவிடுவது நல்லது, படிவம் நிரப்ப நான் உதவுகிறேன். இதே விவரத்தை மறைத்து எழுதும் கடிதத்துக்கு மட்டும் என்னால் உதவ முடியாது.' கவனக்குறைவாக விவரம் தராமல் விட்டதற்கு 50 பவுண்டு அபராதம், கூடுதலாக வந்ததைத் தவணையில் திருப்பித் தருதல் என்ற அளவில் பல சிக்கல்கள் முடிந்துவிடக்கூடும். விசாரணை தொடங்கிய பிறகு அதே சிக்கல் நீதிமன்றத்தில் போய் நிற்கலாம். பேசத் தகுந்த சூழல் இல்லையென்றால், ஊழியர் தன் மேலாளரிடமோ நிறுவனத்தின் தரவுப் பொறுப்பாளரிடமோ கொண்டுபோக வேண்டும். முடிவு அவர் ஒருவர் தோளில் இருக்கக்கூடாது.

கணக்காளருக்குத்தான் இந்த நடுவழி ஏறக்குறைய அடைபட்டுக் கிடக்கிறது. அறிக்கை அனுப்பிய பிறகு அவர் எப்படிப் பேசினாலும் எச்சரித்த குற்றம் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. இதை மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் தன் பிழையைத் துறையிடம் தானே தெரிவித்துத் திருத்திக்கொண்டால், சிறு தொகை உதவித்தொகை விஷயங்களில் அறிக்கை அனுப்பும் கடமையிலிருந்து கணக்காளருக்கு விலக்குத் தரலாம். அதற்கொரு கீழ் வரம்பை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 330ஆம் பிரிவில் சேர்க்கலாம். அப்போது அந்தக் கடைக்காரரின் கணக்கை எழுதும் கணக்காளர், பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, எந்த வரி தவறு என்று காட்டிப் பேச முடியும்.